கடற்பாசியைச் செரிப்பது யார்?

ஜப்பானியர்களுக்குக் கடற்பாசியைச் செரிக்கும் மரபணு இருக்கிறதாம், பாசி ஏட்டில் சோற்றைச் சுற்றிய சுஷியைத் தின்று தின்று அவர்கள் உடம்பே மாறிவிட்டதாம். இந்தச் செய்தி பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாட்ஸாப்பில் வருகிறது, சாப்பாட்டு வீடியோக்களில் வருகிறது, சில சமயம் பத்திரிகைத் துணுக்காகவும் வருகிறது. அதில் பாதி சரி, மீதி தலைகீழ். மரபணு இருப்பது உண்மை. ஆனால் அது எந்த ஜப்பானியரின் உடம்பிலும் இல்லை. அவர்களில் சிலருடைய குடலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவிடம் இருக்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்கும் அது பிறவிச் சொத்து அல்ல, கடலிலிருந்து வந்த வரவு.

“பாசி தின்னும் பாக்டீரியா” என்ற பேச்சிலும் இதே குழப்பம் உண்டு. ஏதோ ஒரு பாக்டீரியா எல்லாப் பாசியையும் கரைத்துக் குடித்துவிடும் என்பது போலப் பேசுகிறோம். எந்தப் பாசி, அதிலுள்ள எந்தக் கார்போஹைட்ரேட், அதை வெட்ட எந்த நொதி என்ற மூன்றையும் கேட்காமல் இந்த விஷயத்தில் ஒன்றும் புரியாது.

பாசிக்குள் இருப்பது என்ன?

கடற்பாசிகளைச் சிவப்பு, பழுப்பு, பச்சை என்று மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள். இராமேஸ்வரம், மண்டபம் பகுதியில் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சிவப்பு. கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பழுப்பு. கரையோரப் பாறைகளில் மெல்லிய ஏடாக ஒட்டிக்கொண்டிருக்கும் உல்வா பச்சை. மூன்றையும் காயவைத்தால் மிஞ்சுவதில் பெரும்பங்கு கார்போஹைட்ரேட்தான்.

அந்தக் கார்போஹைட்ரேட்டின் பெரும்பகுதி பாலிசாக்கரைடு வடிவில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் அது பாலிசாக்கரைடு. நம் அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் இதே வகைதான். அது குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரை திரும்பத் திரும்ப வரும் எளிய சங்கிலி.

பாசியின் சங்கிலிகளில் பெரும்பாலானவை அவ்வளவு எளியவை அல்ல. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கும் அகர், கேலக்டோஸும் அதன் உருமாறிய உறவு ஒன்றும் மாறி மாறி வரும் சங்கிலி. ஐஸ்கிரீமையும் சாக்லேட் பாலையும் கெட்டியாக்கச் சேர்க்கும் கராஜீனன், கப்பாஃபைகஸ் போன்ற வேறு சிவப்புப் பாசிகளில் கிடைப்பது. சுஷி சுற்றும் நோரி என்ற சிவப்புப் பாசியில் இருப்பது போர்ஃபிரான். பழுப்புப் பாசிகளில் ஆல்ஜினேட், லாமினாரின், ஃபூக்காய்டன் என்று மூன்று முக்கியமானவை இருக்கின்றன. உல்வாவில் உல்வான். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாம் வெவ்வேறு சங்கிலிகள் என்பது நினைவில் நின்றால் போதும்.

இன்னொரு விசேஷம் சல்பேட். கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த, எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு சிறு கூட்டு இது. கராஜீனன், போர்ஃபிரான், ஃபூக்காய்டன், உல்வான் ஆகிய சங்கிலிகளில் இது ஆங்காங்கே ஒட்டியிருக்கும். நிலத்துச் செடிகளில் இந்தப் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை. செடி நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்கு விறைப்பான செல்லுலோஸ் தேவை. பாசியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அலை அடித்தால் வளைய வேண்டும், கடல் உள்வாங்கும்போது ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும், இவ்வளவுதான் அதன் பாடு. தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் வழுவழுப்பான சங்கிலிகள் அதற்குத் தோது.

சுருக்கமாக: பாசியின் கார்போஹைட்ரேட் ஒரே பொருள் அல்ல, பல வகைச் சங்கிலிகள். பலவற்றில் சல்பேட் ஒட்டியிருக்கும். அரிசிச் சங்கிலியோடு இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய உறவில்லை.

நம் வயிறு ஏன் கைவிரிக்கிறது?

உயிருள்ள உடம்பில் ஒரு வேதி வேலையை விரைவாக நடத்திவைக்கும் புரதம் நொதி. சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டுவதால்தான். ஆனால் நொதி கண்டதை வெட்டாது. குறிப்பிட்ட சர்க்கரைகளுக்கு நடுவே, குறிப்பிட்ட கோணத்தில் இருக்கும் பிணைப்பை மட்டும் வெட்டும். அகரின் பிணைப்பு முன்னால் அமைலேஸ் வெறுங்கைதான். நம் மரபணுத் தொகுப்பில் அகரை வெட்டும் நொதிக்கான குறிப்பே கிடையாது.

நோன்பு திறக்கக் கடல்பாசி, அதாவது அகர், காய்ச்சும் வீடுகளில் அந்தக் கட்டியான இனிப்பைச் சாப்பிட்டால் தெம்பு வருகிறது என்பார்கள். வரும்தான். அந்தத் தெம்பு அதில் ஊற்றிய பாலும் போட்ட சர்க்கரையும் கொடுப்பது. அகர் பெரும்பாலும் நார்ச்சத்தாகக் கீழே இறங்கிவிடும். இதையும் ஜெலட்டினையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம், அதை நம் வயிறு செரித்துவிடும்.

நம்மால் முடியாவிட்டால் என்ன, பாக்டீரியா எதையும் தின்றுவிடுமே என்று தோன்றலாம். அதுவும் தப்பு. அதற்கு உலகத்தின் எல்லா நுண்ணுயிரி ஆய்வகங்களும் சாட்சி. 1881இல் ஜெர்மனியில் வால்டர் ஹெஸ்ஸ என்ற மருத்துவர் ஜெலட்டின் மேல் பாக்டீரியா வளர்க்கப் பார்த்துத் திண்டாடினார். உடம்புச் சூட்டில் ஜெலட்டின் உருகிவிடும், உருகாவிட்டால் பாக்டீரியாவே அதைத் தின்று நீராக்கிவிடும். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகரை முயன்று பார்க்கச் சொன்னார். அகர் கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் கரையும், சுமார் 40 டிகிரிக்குக் கீழே ஆறினால் உறைந்துவிடும், மறுபடி 85 டிகிரி வரை சூடேற்றினால்தான் உருகும். எல்லாவற்றையும்விட முக்கியம், நோய் பரப்பும் பாக்டீரியாக்களும் மண் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவையும் அதைத் தின்னவில்லை. விஷயம் நோய்க்கிருமி ஆய்வின் முன்னோடி ராபர்ட் கோஹின் ஆய்வகத்துக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பாக்டீரியா எதையும் தின்னும் என்பது உண்மையாக இருந்தால், 140 வருடமாகப் பாக்டீரியாவையே அகர் தட்டில் வளர்க்க முடிந்திருக்குமா?

விதிவிலக்குகள் கடலில் இருந்தன. 1902இல் நார்வேயின் கிரான் என்ற ஆய்வாளர் அகரைக் கரைக்கும் பாக்டீரியா ஒன்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அப்படிப்பட்ட ஒன்றை அகர் தட்டில் வளரவிட்டுப் பார்ப்பது சுவாரஸ்யமான காட்சி. சாதாரண பாக்டீரியாத் திட்டு தட்டின் மேல் மேடாக நிற்கும். இது குழியாக இறங்கும், தான் உட்கார்ந்திருக்கும் தரையையே தின்றுகொண்டு. தட்டின் மேல் கொஞ்சம் அயோடின் கரைசலை ஊற்றினால் அகர் முழுக்கப் பழுப்பேறும், அந்தத் திட்டைச் சுற்றி மட்டும் வெளிறிய வட்டம் தெரியும். நொதி பரவி அகரை வெட்டிய எல்லை அது. இத்தகைய பாக்டீரியாவைத் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் செய்து பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். காசும் அதிகம் ஆகாது.

சுருக்கமாக: நொதி இல்லாதவருக்குப் பாசிச் சங்கிலி வெறும் நார். மனிதருக்கு இல்லை, பெரும்பாலான பாக்டீரியாவுக்கும் இல்லை. கடலில் வாழும் சிலவற்றுக்கு உண்டு.

பந்தல் பிரிக்கும் வேலை

கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் எலக்ட்ரீஷியன் வந்து சீரியல் லைட்டைக் கழற்றுவார். அது இருக்கும்வரை துணியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அப்புறம் துணி, அப்புறம் கீற்று, அப்புறம் கயிறு. கடைசியில் நீளக் கம்புகளை இரண்டாக மூன்றாகப் பிரித்துக் குட்டியானையில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள், தனிச் சாமான், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வரிசை. வரிசை தப்பினால் வேலை அப்படியே நின்றுபோகும்.

கடல் பாக்டீரியா பாசிச் சங்கிலியைப் பிரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இங்கே ஒரு சிக்கல் கூடுதல்: சங்கிலி பாக்டீரியாவின் வாய்க்குள் நுழையாத அளவு பெரிது. வாய் என்று ஒன்று அதற்குக் கிடையவும் கிடையாது. ஆகவே முதல் வெட்டு வெளியே நடந்தாக வேண்டும்.

பாக்டீரியா தன் மேற்பரப்பில் நிறுத்தியிருக்கும் அல்லது வெளியே விடும் நொதி, சங்கிலியை நடுநடுவே வெட்டிச் சிறு துண்டுகளாக்குகிறது. அகரை வெட்டுவது அகரேஸ், கராஜீனனை வெட்டுவது கராஜீனேஸ். ஆல்ஜினேட்டை வெட்டுவது லையேஸ் வகை நொதி. மற்றவை பிணைப்பை முறிக்கத் தண்ணீர் மூலக்கூறு ஒன்றைப் பயன்படுத்தும், லையேஸ் தண்ணீர் இல்லாமலேயே முறிக்கும். வெட்டுப்பட்ட துண்டுகளை மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் பிடித்துக்கொள்ள, பக்கத்திலிருக்கும் இன்னொரு புரதம் வாசல் போலத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. துண்டு நேராக உயிரணுவின் நடுவுக்குப் போவதில்லை. பாசி தின்னும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான இடத்தில்தான் மிச்ச வெட்டு நடக்கிறது.

இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. வெளியிலேயே முழுவதையும் சர்க்கரையாக்கினால் பக்கத்தில் சும்மா மிதக்கும் பாக்டீரியாக்கள் பாதியைத் தின்றுவிட்டுப் போய்விடும். பெரிய துண்டாக இருக்கும்போதே உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் வகைகளை ஆய்வாளர்கள் “சுயநலக்காரர்கள்” என்றே குறிப்பிடுகிறார்கள்.

உள்ளே வந்த துண்டில் சல்பேட் இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். இதுதான் சீரியல் லைட் கட்டம். சல்பேட்டைக் கழற்றும் நொதி சல்பேட்டேஸ். அது வேலையை முடித்தால்தான் அடுத்த நொதிக்கு வெட்ட வேண்டிய பிணைப்பு கைக்கு எட்டும். பிறகு ஓரத்திலிருந்து ஒவ்வொரு சர்க்கரையாகக் கழன்று வருகிறது. கேலக்டோஸ் வந்தால் பல பாக்டீரியாக்களும் எரித்துச் சக்தியாக்கும் பழைய பாதையில் போய்விடும். அகரிலிருந்து வரும் உருமாறிய சர்க்கரைக்கு மட்டும் தனிப் பாதை வேண்டும், அது எல்லோரிடமும் இல்லை.

இத்தனை சாமானையும் எந்நேரமும் தயாராக வைத்திருப்பது வீண் செலவு. அதனால் இந்த நொதிகளுக்கும் வாசல் புரதங்களுக்கும் உரிய மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றன. ஒரு சங்கிலிக்கு ஒரு தொகுதி. இதைக் கருவித் தொகுதி என்று வைத்துக்கொள்வோம். சங்கிலியின் சிறு துண்டு உள்ளே வந்து உணர்வுப் புரதத்தில் பட்டால் தொகுதி முழுவதும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். பாசி இல்லாத நாளில் தூங்கும்.

2019இல் ஃபார்மோசா அகாரிஃபிலா என்ற கடல் பாக்டீரியா உல்வானைப் பிரிக்கும் வரிசையை ஆய்வாளர்கள் படிப்படியாக விளக்கினார்கள். அதில் வேலை செய்தவை 12 நொதிகள். உல்வா என்ற சாதாரணப் பச்சைப் பாசிக்கே இவ்வளவு பேர் வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: வெளியே வெட்டு, உள்ளே இழுப்பு, சல்பேட் கழற்றல், தனிச் சர்க்கரை. ஒவ்வொரு சங்கிலிக்கும் தனிக் கருவித் தொகுதி.

எல்லாம் தின்பவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். பிரான்சின் பிரிட்டனி கரையில் ரோஸ்கோஃப் என்ற ஊரில் ஒரு சிவப்புப் பாசியின் மேலிருந்து கிடைத்த ஸோபெல்லியா கேலக்டானிவோரன்ஸ் அகர், கராஜீனன், போர்ஃபிரான், ஆல்ஜினேட், லாமினாரின் எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் அழுகிய சதுப்புப் புல்லில் கண்டெடுத்த சாக்கரோஃபேகஸ் டிகிரடன்ஸ் அகரும் தின்னும், செல்லுலோஸும் தின்னும், இறால் ஓட்டின் கைட்டினும் தின்னும். ஆனால் இவற்றிடம் ஏதோ ஒரு மந்திர நொதி இருப்பதாக நினைக்க வேண்டாம். பல தொகுதிகளைச் சுமந்துகொண்டு அலைகின்றன, அவ்வளவுதான்.

சரி, அந்த ஜப்பான் கதை

ரோஸ்கோஃப் குழு ஸோபெல்லியாவில் போர்ஃபிரானை வெட்டும் நொதியைக் கண்டுபிடித்து, அதே மரபணு வேறு எங்கே இருக்கிறது என்று தரவுத்தளங்களில் தேடியது. மற்றதெல்லாம் கடல் பாக்டீரியா. ஒன்று மட்டும் ஒட்டாமல் நின்றது: பாக்டிராய்டிஸ் பிளீபியஸ், மனிதக் குடலில் வாழ்வது, ஜப்பானியரிடமிருந்து பிரித்தெடுத்தது. அடுத்து 13 ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாத் தரவையும் 18 வட அமெரிக்கர்களின் தரவையும் வைத்துப் பார்த்தார்கள். ஜப்பானியர்கள் சிலரிடம் மரபணு இருந்தது, வட அமெரிக்கர் ஒருவரிடமும் இல்லை. 2010இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இது வெளியானது.

அவர்கள் சொன்ன விளக்கம் இது. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட நோரியோடு, அதன் மேல் வாழ்ந்த கடல் பாக்டீரியாவும் வயிற்றுக்குள் போயிருக்கிறது. கடல் பாக்டீரியா குடலில் குடியேறவில்லை. ஆனால் எப்போதோ அதன் மரபணுத் துண்டு குடல் பாக்டீரியா ஒன்றுக்குக் கைமாறியிருக்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகாமல் ஒரு பாக்டீரியாவிலிருந்து சம்பந்தமில்லாத இன்னொன்றுக்கு மரபணு தாவுவதைப் பக்கவாட்டு மரபணுக் கடத்தல் என்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதற்கும் இதுவே முக்கிய வழி.

இங்கே மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மரபணு மனிதருடையது அல்ல. எல்லா ஜப்பானியருக்கும் இல்லை, ஆய்வில் பார்த்ததே 13 பேரை. அது வெட்டுவது போர்ஃபிரானை, கடற்பாசி முழுவதையும் அல்ல. இது இல்லாதவர் நோரி சாப்பிட்டால் எந்தக் கெடுதலும் வராது. இருப்பவருக்கும் பெரிய யோகம் ஒன்றுமில்லை. பாக்டீரியா தின்று கழிக்கும் சிறு கொழுப்பு அமிலங்களில் கொஞ்சம் அவர் உடம்புக்குச் சேரும்.

நாமும் தினம் நோரி தின்றால் அந்தப் பாக்டீரியா வந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் வாங்கும் வறுத்த நோரியில் உயிருள்ள கடல் பாக்டீரியா பிழைத்திருப்பது அரிது. பிழைத்தாலும் மரபணு தாவுவது லாட்டரி விழுவதைவிட அபூர்வமாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே இந்தத் தொகுதியைச் சுமக்கும் பாக்டீரியாவைக் கொடுத்து, கூடவே போர்ஃபிரானையும் ஊட்டினால்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள், 2018இல் வெளியானது. வேறு எவரும் தின்னாத உணவு தனக்கென்று இருந்ததால், நெரிசலான குடலிலும் அந்தப் பாக்டீரியா இடம் பிடித்தது. போர்ஃபிரான் அளவைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. எதிர்காலத்தில் மருந்து சுமக்கும் பாக்டீரியாவைக் குடலில் நிறுத்த இது ஒரு வழியாகலாம். சுஷி செய்தியைவிட இதுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

நம் கரையில்

கப்பாஃபைகஸ் வளர்ப்பவர்கள் ஒரு நோயைப் பற்றிக் கவலைப்படுவார்கள். மூங்கில் மிதவையில் கட்டிய பாசியின் கிளைகள் நிறம் வெளுத்து, கொழகொழவென்று மிருதுவாகி, அந்த இடத்திலேயே ஒடிந்து தண்ணீரோடு போய்விடும். உலகமெங்கும் இதற்கு ‘ஐஸ் ஐஸ்’ என்றே பெயர், முதலில் பேசப்பட்டது பிலிப்பைன்ஸ் பண்ணைகளில். வெளுத்த திசுவில் கராஜீனன் வெட்டும் பாக்டீரியாக்கள் கிடைக்கின்றன. உடனே “கிருமி வந்து அழித்துவிட்டது” என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதே பாக்டீரியாக்கள் நலமான பாசியின் மேலும் இருப்பவைதான். தண்ணீர் சூடாவதாலோ, உப்பு குறைவதாலோ, வெளிச்சம் போதாததாலோ பாசி தளரும்போது அவை முந்திக்கொள்கின்றன.

அறுவடைக்குப் பிறகும் இவற்றின் வேலை ஓய்வதில்லை. அகருக்கான பாசியைச் சரியாகக் காயவைக்காமல் ஈரத்தோடு குவித்தால் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் சங்கிலியை வெட்டிக்கொண்டே இருக்கும். சங்கிலி குட்டையானால் ஜெல் இறுகாது, விலையும் இறங்கும்.

கார்பன் கணக்கு

பாசி வளர்த்தால் காற்றிலுள்ள கார்பனைக் கடலில் பூட்டிவிடலாம் என்ற பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. பாசி கார்பனை எடுத்துக்கொள்கிறது, அதில் சந்தேகமில்லை. பூட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத்தான் பாக்டீரியாக்கள் முடிவு செய்கின்றன.

லாமினாரின் குளுக்கோஸ் சங்கிலி, சல்பேட் இல்லை, பாசிக்கு அது சேமிப்பு உணவு. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளும் இதைச் செய்கின்றன. கடலில் வருடத்துக்குச் சுமார் 12 பில்லியன் டன் உருவாகிறது என்று 2020இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. இதைத் தின்ன ஒரு சில நொதிகளே போதும் என்பதால் பாக்டீரியாக்கள் போட்டி போட்டுத் தின்று கார்பன் டை ஆக்சைடாக வெளியே விட்டுவிடும். அந்தக் கார்பன் வந்த வழியே திரும்பிவிடுகிறது.

ஃபூக்காய்டன் கதை வேறு. கிளைகளும் சல்பேட்டும் அடர்ந்த இந்தச் சங்கிலியைப் பிரிக்கும் லென்டிமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஜெர்மனியின் பிரேமன் நகர ஆய்வாளர்கள் அதே 2020இல் விவரித்தார்கள். அதனிடம் ஃபூக்காய்டனுக்கென்றே 284 நொதிகள் இருக்கலாம் என்று மரபணுக்கள் காட்டின. ஒரு பாசி இனத்தின் ஃபூக்காய்டனைப் பிரிக்கவே அவற்றில் நூறு அளவுக்குத் தேவைப்பட்டன. இன்னொரு இனத்தின் ஃபூக்காய்டனுக்கு வேறு அணி. இவ்வளவு சாமான் வைத்திருப்பவர்கள் கடலில் மிகக் குறைவு, அதனால் ஃபூக்காய்டன் மற்ற சங்கிலிகளைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே ஒரு பண்ணை இத்தனை டன் பாசி வளர்த்தது, இத்தனை டன் கார்பன் மிச்சம் என்று நேராகப் பெருக்கிப் போடும் கணக்கை நான் நம்புவதில்லை. அந்தப் பாசியில் லாமினாரின் எவ்வளவு, ஃபூக்காய்டன் எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் அப்புறம் பேசலாம்.